அரைப் பேர்

பாரிட் புந்தார்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனேஸ்வரன் எழுதுகிறேன். உடம்புக்கு இப்போது ஒன்றுமில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குவாரியில் இன்னும் அந்த இரும்பு ஏணியில்தான் ஏறி இறங்குகிறாயா?

இந்த மறுவாழ்வு இல்லத்தில் முதல் மாதம் யாருக்கும் கடிதம் கிடையாது. போன் ஆறு மாதத்துக்கும் கிடையாது. இன்றைக்குத்தான் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். வார்டன் ராமகிருஷ்ணன் சார் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். அதனால் அவருக்கும் ஒரு வணக்கம்.

சுற்றிலும் வயல். இப்போது தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் தரையே இல்லை, கீழேயும் வானம்தான். கொக்குகள் ஓரமாக வரிசையில் நிற்கும். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் காத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். சில நாள் மனசுக்குள் ஏதாவது ஒரு கொக்கை ஆட்டத்தில் இறக்குவேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆறாங்கட்டை லீக்கின் பெரட்டு. ஆட்டம் எப்படி என்று நீ ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். நாங்கள் எட்டுப் பேர். இங்கிலீஷ் லீக்கில் ஆடுகிறவர்களை ஆளுக்கொருவராக, முறை வைத்து, பதினைந்து சுற்று எடுப்போம். ஒருவன் எடுத்தவனை இன்னொருவன் தொட முடியாது. அங்கே அவன் கோல் அடித்தால் இங்கே எனக்குப் பாயிண்டு. அவ்வளவுதான் பேண்டஸி. அப்பா காலத்தில் தோட்டத்தில் விடியற்காலை பேர் கூப்பிட்டு ஆள் பிரிப்பார்களே, அதேபோல் முதலில் எங்கள் பேரைக் கூப்பிடுவார்கள், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதனால்தான் பெரட்டு.

போன வருடம் மூன்று முறை கூப்பிட்டும் நான் பதில் சொல்லவில்லை. மீ கோரெங் தட்டில் முகம் வைத்துக் கிடந்தேனாம். இந்த வருடமும் பதில் இல்லையென்றால் என் நாற்காலி எங்களோடு ஆடும் ஜெயபாலனின் மச்சானுக்கு. ஆகஸ்ட் மூன்று எனக்கு இங்கே கடைசி நாள். அதற்குள் நான் பழகியிருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பட்டியல் ஒன்று அனுப்பு.

எங்கள் லீக் தலைவர் பத்துமலை அண்ணனிடம் மட்டும் கேட்காதே. இல்லத்து வேன் வந்த காலையில் அவர்தான் நம் கேட்டருகே நின்றார். போன் போட்டு என்னைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

உன் பதிலை வைத்துத்தான் அடுத்த வாரம் ஓடும்.

தம்பி,
தனேஸ்

---

ஈப்போ
16 மார்ச் 2025

அன்புத் தம்பி தனேசுக்கு,

உன் எழுத்தைப் பார்த்து அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. நேராக நிற்கிறது ஒவ்வொரு எழுத்தும். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. ஏணியும் அங்கேயேதான் இருக்கிறது. சிம்பாங் பூலாயில் இந்த மாதம் முழுக்கக் காலையில் பனி, என் தராசுக் கூண்டிலிருந்து பார்த்தால் மலைக்கு அடிப்பாகமே தெரிவதில்லை. சுண்ணாம்பு லாரிகள் பனிக்குள்ளிருந்து வந்து, எடை போட்டுவிட்டு, பனிக்குள்ளேயே போய்விடுகின்றன.

பட்டியல் வைத்திருக்கிறேன். பத்துமலை அண்ணனிடம்தான் வாங்கினேன், வேறு யாரிடம் வாங்குவது? பள்ளி பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேலேயே 555 என்ற குட்டி நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் பேர் ஒன்றும் வாயில் நுழையாது என்று நீங்கள் எல்லோருக்கும் தோட்டத்துப் பேர் வைத்திருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். தோட்டத்துக் கணக்கர் மாதிரி தலையை வகிடெடுத்துச் சீவிக்கொண்டு பத்துக் கோல் அடிப்பவன் கிராணியாம், நடுவில் ஓடிக்கொண்டே இருப்பவன் தண்ணிவண்டியாம். கோல்கீப்பர் எல்லோரும் ஜாகா, கேட் காவல்காரனாம். ஒண்ணாவது ஜாகா, ரெண்டாவது ஜாகா என்று டீமுக்கு மூன்று பேர். இதற்கு ஒரு லீக், அதற்கு ஒரு தலைவர், நல்ல பிழைப்பு.

அங்கே சாப்பாடு எப்படி? மீன் போடுகிறார்களா? மழை உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள். இதை எழுதி முடிக்கும்போது வெயில் வந்துவிட்டது, துணி எடுக்கப் போகிறேன்.

அக்கா,
புனிதா

---

பாரிட் புந்தார்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மீன் உண்டு, முள்தான் அதிகம். மழை உண்டு. நீ பத்துமலை அண்ணனைப் பற்றி நான் எழுதியதற்கு மழையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சரி.

நடவு முடிந்துவிட்டது. வயல் இப்போது பச்சைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம்.

எங்கள் அறையிலும் சரியாக எட்டுப் பேர். லாரி ஓட்டிய ஐயாவு அண்ணன், காம்பாரில் படிப்பைப் பாதியில் விட்ட ஷர்வின், இன்னும் ஐந்து பேர். ஞாயிறு மத்தியானம் சிமென்ட் தரையில் பேர் எழுதிய சீட்டுகளைப் பரப்பிப் பழகுகிறோம். ஒன்றிலிருந்து எட்டு வரை போய், எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும் முறை. ரப்பர் பால் மரம் வெட்டுகிறவர் ஒரு நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்குவாரே, அதே கணக்கு என்றார் ஐயாவு அண்ணன். திரும்புகிற முனையில் நிற்கிறவனுக்கு அடுத்தடுத்து இரண்டு மரம். எட்டாவது நாற்காலி மட்டம் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் அவன் கையில் எப்போதும் இரண்டு பேர்.

ஷர்வினுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேர் அழகாக இருந்தால் எடுத்துவிடுவான். ஐயாவு அண்ணன் ஜாகாக்களாகவே எடுக்கிறார். "கேட்ல ஆள் இல்லாம வீடு எதுக்கு லா?" என்கிறார்.

எங்கள் சட்டம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். சீட்டைக் கையில் எடுத்துவிட்டால் சீசன் முடிகிறவரை திருப்பி வைக்க முடியாது.

நீயும் வீட்டில் பழகிப் பார். வெளியே இருக்கிறவன் எப்படி யோசிப்பான் என்று எனக்குத் தெரிய வேண்டும். யாரை எந்தச் சுற்றில் எடுத்தாய் என்று எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்
தனேஸ்

---

ஈப்போ
27 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

சித்திரைக்குப் பாயசம் வைத்தேன், உன் பங்கையும் நானே குடித்தேன். நலமாகத்தான் இருக்கிறேன், கொஞ்சம் பெருத்துவிட்டேன்.

பழகச் சொன்னாய். எட்டு ஆளுக்கு நான் எங்கே போவேன்? துணிக் கிளிப்பு எட்டு எடுத்தேன், எட்டு நிறத்தில். பின்பக்கக் கம்பியில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் வாயிலும் சீட்டு. நீ நீலம். பத்துமலை அண்ணன் மஞ்சள், ஜெயபாலன் பச்சை. முதல் நாள் இது என்ன கூத்து என்று எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் மஞ்சள் கிளிப்பு கிராணியைத் தூக்கிவிட்டதே என்று நிஜமாகவே கோபம் வந்தது. நான்தான் மாட்டினேன், எனக்கே கோபம்!

காற்று அடித்தால் எல்லாப் பேரும் சேர்ந்து படபடக்கின்றன. புதன்கிழமை நான் வேலையில் இருக்கும்போது மழை. வந்து பார்த்தால் மை ஓடி எல்லாச் சீட்டும் வெளுத்துக் கிடக்கிறது. தண்ணிவண்டி எது, ஜாகா எது என்று தெரியவில்லை. வெள்ளைத் தாளைக் கவ்விக்கொண்டு எட்டுக் கிளிப்பு. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ முதல் சுற்றில் யாரை எடுக்கிறாய்? அதைச் சொல்லாமல் ஊர்க்கதை எல்லாம் எழுதுகிறாய். நான் நீலத்துக்குத் தண்ணிவண்டியை எடுத்தேன். ஓடிக்கொண்டே இருப்பவன் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

இருமல் இருந்தால் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

அக்கா,
புனிதா

---

பாரிட் புந்தார்
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை. எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. வயல் இடுப்பளவு வளர்ந்து, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம்தான் மிதந்து போவதுபோல் இருக்கும்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல மழை. சீட்டு எல்லாம் எடுத்து முடித்தாயிற்று, நேரம் மட்டும் மிச்சம் இருந்தது. ஷர்வின், "அண்ணே, ஆட்டக்காரன் முடிஞ்சா வேற ஏதாச்சும் எடுக்கலாமே?" என்றான். வெற்றுத் தாளைக் கிழித்து, அவரவருக்கு வேண்டியதை எழுதி நடுவில் போட்டோம். அதே முறை, அதே சட்டம். ஒருவன் எடுத்தது இன்னொருவனுக்குக் கிடையாது.

ஒருவன் காம்பார் பஸ் ஸ்டாண்டு கோழி பிஸ்கட் வாசத்தை எடுத்தான். ஐயாவு அண்ணன் மலைப் பாதையில் லாரி ஜன்னலைத் திறந்தால் அடிக்கும் குளிரை எடுத்தார். "டேய், அது என்னுதுடா" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒருவன் "அம்மா" என்ற சீட்டை எடுத்தான்.

சட்டப்படி அம்மா அவனுக்கு மட்டும். ஷர்வின் அழவே ஆரம்பித்துவிட்டான். சண்டை முற்றி வார்டன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "அந்தச் சீட்டை மட்டும் எட்டா கிழிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு துண்டு வந்தது. நம் அம்மா போனபோது எனக்கு மூன்று வயதுதான், முகம்கூட ஞாபகமில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றுக்கு இன்னும் பன்னிரண்டு வாரம். பெரட்டில் பத்துமலை அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவருக்குக் கிராணிமேல்தான் உயிர், அவனை அவர் கண்ணெதிரே தூக்குவேன். அன்றைக்கு என்னை வேனில் ஏற்றும்போது உன்னைத்தான் கூப்பிட்டேன், "அக்கா, விடச் சொல்லு லா!" என்று. நீ பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டிருக்காது.

அன்புடன்
தனேஸ்

---

ஈப்போ
25 மே 2025

அன்புத் தம்பி தனேசுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். வார்டன் சார், இதை நிறுத்திவிடாமல் கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கேட்டது.

இல்லத்துக்குப் போன் போட்டது நான்தான். பத்துமலை அண்ணன் இல்லை. குளியலறைக் கதவை உடைத்து உன்னை வெளியே இழுத்த மறுநாள் போட்டேன். உன் உதடு நீலமாக இருந்தது. வேன் எத்தனை மணிக்கு வரும் என்றுகூட எனக்குத் தெரியும். நீ கத்தினால் என்னால் நிற்க முடியாது, கேட்டைத் திறந்துவிட்டு "விடுங்க" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்து, அந்த அண்ணனை வந்து நிற்கச் சொன்னேன். நீ கூப்பிட்டாய். நான் காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் காயப்போட்டேன்.

நீ அவரைத் திட்டி எழுதியதை அவரிடமே சொல்லி அழுதேன். "இருக்கட்டும் லா புனிதா. பையனுக்கு யார் மேலயாச்சும் கோபம் வேணும். உன் மேல வேணாம், நீ ஒருத்திதான் இருக்க" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எப்படி நான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அப்படி ஒரு காலை வந்தால் மறுபடியும் போன் போடுவேன். ஆனால் நீ வேறு ஒருவரை வெறுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதை என்னால் பார்க்க முடியாது.

முதல் சுற்றில் யாரை எடுத்தாய் என்று நீ இன்னும் சொல்லவில்லை.

உடம்பு ஜாக்கிரதை.

அக்கா,
புனிதா

---

ஈப்போ
29 ஜூன் 2025

அன்புத் தம்பி,

ஐந்து வாரமாகிறது. நலமா?

இங்கே எல்லாம் வழக்கம்போல. கிளிப்பில் பழகுவதை நான் நிறுத்தவில்லை. நீலத்தை எட்டாவது இடத்தில் மாட்டிப் பார்க்கிறேன், நீ சொன்னதுபோல் கையில் எப்போதும் இரண்டு பேர்.

எழுத மனமில்லையென்றால் வெறும் தாளாவது அனுப்பு. உறையில் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

அக்கா

---

ஈப்போ
27 ஜூலை 2025

அன்புத் தம்பி,

வார்டன் நேற்றுப் போன் செய்தார். நீ நலம் என்றார். ஆனால் ஆகஸ்ட் மூன்றுக்கு விடமாட்டார்களாம், இன்னும் ஆறு வாரம் கூட்டியிருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "அத அவரே எழுதுவாரும்மா" என்றார்.

நீ எழுதவில்லை. கோபம் என்றால் கோபமாகவே இரு. எனக்கு அது உன்னைவிடப் பழக்கம்.

பத்தாம் தேதி நான் போகிறேன். நாற்காலி போனால் உனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேறு இடம் கிடையாது, எனக்கு அது தெரியும். அந்த ஏழு பேருக்கும் தெரியும். உன்னைத் திரும்பி வரவைப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான், அதை ஜெயபாலனின் மச்சானுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்கா,
புனிதா

---

ஈப்போ
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி தனேசுக்கு,

நலம், தொண்டை மட்டும் கட்டிவிட்டது. நேற்று கத்தியது அப்படி.

பத்துமலை அண்ணன் வீட்டுக் கார் போர்ச்சில் எட்டு நாற்காலி. ஜெயபாலனின் மச்சான் சலவை செய்த சட்டையோடு ஓரமாக வந்து நின்றுகொண்டிருந்தான். நான் போய் எட்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், உட்காரவில்லை. அண்ணன் 555 புத்தகத்தைத் திறந்து பேர் வாசித்தார். ஒவ்வொருவரும் "இருக்கேன்", "இருக்கேன்". கடைசியில் "தனேஸ்வரன்."

வீட்டில் எத்தனை நாள் பழகினேன்! யாரை எந்தச் சுற்றில் எடுப்பது என்று எல்லாம் பழகினேன், இதற்குப் பதில் சொல்லப் பழகவில்லையே. நீ இருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? உன்னிடமிருந்து பதின்மூன்று வாரமாக ஒரு எழுத்து இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டார். என் வாயிலிருந்து வந்தது, "வருவான்."

ஜெயபாலன் உடனே எழுந்துவிட்டார். "இருக்கேன்னு சொல்லணும் லா, அதான் ரூல். வருவான்னா ஆள் இல்லேன்னுதானே அர்த்தம்?" பத்துமலை அண்ணன் பேனாவை நெற்றியில் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு, "தோட்டத்துப் பெரட்டுல, ஆள் இன்னும் வரல, ஆனா வீட்டுல உள்ளவங்க வந்து வருவான்னு சொன்னா என்னா போடுவாங்க?" என்று கேட்டார்.

அப்புறம் ஜெயபாலனே, முணுமுணுப்பாக, "அரைப் பேர்" என்றார். அவர் அப்பாவுக்கு எத்தனை காலை அவர் அம்மா போய் அப்படிச் சொல்லியிருப்பார்களோ. உட்கார்ந்துவிட்டார். மச்சானையும் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டார்.

அரைப் பேர் என்றால் நாற்காலி உண்டு. பதினான்கு சுற்றும் நான் எடுக்கலாம். பதினைந்தாவது ஆளை மட்டும் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அதுவரை அந்தக் கட்டம் காலி. அப்படித்தான் தீர்ப்பு.

எடுத்தேன். தண்ணிவண்டி கிடைத்தான். ஒரே திருப்பத்தில் பதறிப்போய் இரண்டு ஜாகாவை எடுத்துவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவு அண்ணனிடம் சொல், அவருக்குப் பிடிக்கும். கிராணியைப் பத்துமலை அண்ணன் தூக்கிவிட்டார், எனக்கு வருத்தமில்லை.

புத்தகத்தில் உன் பேருக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா,
புனிதா

---

பாரிட் புந்தார்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்த மூன்றாம் நாள் நான் இங்கிருந்து போய்விட்டேன். அதனால்தான் ஆறு வாரம் கூட்டினார்கள். காலையில் வயலுக்கு ஆள் கூப்பிட்டபோது வரப்பில் இறங்கியவன் நிற்கவே இல்லை. இரண்டு பக்கமும் கதிர் தோள் உயரம், மேலே வானம் மட்டும் தெரிந்தது. எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. பாரிட் புந்தார் ஸ்டேஷன் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்க நினைத்தேன். நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதே, ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று. உண்மையைச் சொன்னால், ஈப்போவில் இறங்கினால் கால் வீட்டுக்குப் போயிருக்குமா, பழைய இடத்துக்குப் போயிருக்குமா என்று எனக்கே தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பையில் கை விட்டேன். மழை நாளில் எடுத்த சீட்டுகள் அப்படியே இருந்தன. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, முதல் சுற்றில் யாரை எடுத்தாய் என்று. ஆட்டக்காரர்களில் தண்ணிவண்டியைத்தான், உன்னைப் போலவே. ஆனால் அந்த மழை நாளில் என் முதல் சீட்டு "அக்கா". எழுதிப் போட்டதும் நானே, எடுத்ததும் நானே. அம்மாவுக்கு எட்டுப் பேர் அடித்துக்கொண்டோம், உனக்கு ஒருவனும் போட்டிக்கு வரவில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது, அதனால் எழுதவில்லை.

ஸ்டேஷனில் அந்தச் சீட்டைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஈப்போ ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது. சீட்டு என் கையில். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது என்று எத்தனை ஞாயிறு ஷர்வினிடம் கத்தியிருப்பேன்! கதவு மூடியது. நான் வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தேன். ஐயாவு அண்ணன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். என் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்திருந்தார்.

அதன்பிறகும் உன்மேல் கோபம் இருந்தது. இரண்டு மாதம் முழுசாக இருந்தது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். உன் பத்தாம் தேதிக் கதையைப் படித்துவிட்டு வெளியே வந்தேன். அறுவடை முடிந்து வயல் வெட்டவெளியாகக் கிடக்கிறது. கொக்குகள் எல்லாம் பாடாங் திடலின் நடுவில் இறங்கி நிற்கின்றன, பெஞ்சில் ஒன்றுகூட இல்லை.

பத்துமலை அண்ணனுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். கிராணி அவரிடமே இருக்கட்டும்.

பதினைந்தாவது ஆள்: எவனும் எடுக்காத மூணாவது ஜாகா. வருடம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடமாட்டான், ஒரு பாயிண்டும் வராது. ஆனால் ஒவ்வொரு வாரமும் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பான். கட்டத்தில் அவன் பேரை எழுதச் சொல்.

செப்டம்பர் பதினான்கு, ஞாயிறு, காலை பத்து மணிக்கு விடுகிறார்கள். நீ வர வேண்டாம், முழங்காலோடு ரயில் ஏறாதே. நானே வந்துவிடுவேன். கேட்டருகே வந்ததும் நீ என் பேரைச் சத்தமாக ஒரு தடவை கூப்பிடு. துணியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடு.

இருக்கேன்,
தனேஸ்வரன்